காந்தள் கிழங்கை உறங்க விடுங்கள்

கனடாவில் ஒட்டாவா நகரத்தில் என் மகளின் வீட்டு வாசலை ஒட்டிக் கற்கள் பதித்த ஒரு சரிவு உண்டு. 2018 மே மாதம் நான் அங்கே போயிருந்தபோது, கல் இடுக்குகளில் ஒரு சாண் உயரம்கூட இல்லாத பூக்கள் கூட்டமாக மலர்ந்திருந்தன. நடுவில் மஞ்சள், இதழ் நுனியில் வெள்ளை. வெயில் ஏறினால் நட்சத்திரம்போல் விரியும், மாலையில் கூம்பிவிடும். துலிப் என்றால் நீண்ட காம்பில் கிண்ணம் வைத்ததுபோல் நிற்கும் பூ என்றே நினைத்திருந்தேன். இவை காட்டுத் துலிப், துலிப்பா டார்டா என்று மகள் சொன்னாள். மத்திய ஆசியாவின் தியான் ஷான் மலைகள்தான் அதன் தாய்மண். அக்டோபரில் சரளை கலந்த மண்ணில் நான்கு அங்குல ஆழத்தில் அந்தக் குமிழ்களைப் புதைத்திருக்கிறாள். பனி மூடிய மாதங்களில் அவை குளிரை வாங்கிக்கொள்கின்றன, வசந்தத்தில் பூக்கின்றன, கோடை தொடங்கியதும் இலை காய்ந்து மண்ணுக்குள் உலர்ந்து உறங்குகின்றன. அந்தச் சரிவுக்கு மட்டும் கோடையில் யாரும் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது அவள் வீட்டுச் சட்டம். பக்கத்து வீட்டுக்காரர் கடையில் வாங்கி நட்ட பெரிய கலப்பினத் துலிப்கள் மூன்றாம் ஆண்டே இலை மட்டும் காட்டத் தொடங்கிவிட்டனவாம். இந்தச் சிறியவை ஆண்டுக்கு ஆண்டு பெருகுகின்றன.

மதுரை திருநகருக்குத் திரும்பி வந்த பிறகும் அந்தச் சரிவு கண்ணைவிட்டுப் போகவில்லை. ஆனால் துலிப்பின் காம்பு எழவே பல வாரக் கடுங்குளிர் வேண்டும். நம் ஊரில் மார்கழி இரவிலும் வெப்பம் இருபது டிகிரியை ஒட்டியேதான் இருக்கும். குமிழைக் குளிர்பெட்டியில் வைத்து ஏமாற்றி ஒருமுறை பூக்க வைக்கலாம். அதோடு அது நலிந்துவிடும். அப்படி ஒன்றை வதைத்துப் பூப்பறிக்க எனக்கு மனம் வரவில்லை. அப்போதுதான் வாடிப்பட்டிப் பக்கம் என் அப்பாவின் தோட்டத்துக் கிளுவை வேலி நினைவுக்கு வந்தது. ஆடியில் மழை தூறினால் எங்கிருந்தோ ஒரு கொடி அந்த வேலியில் ஏறும். புரட்டாசியில் தீப்பிடித்ததுபோல் பூக்கும். தை மாதம் தேடினால் இருந்த இடமே தெரியாது. மண்ணுக்கடியில் உறங்கி எழும் காட்டுப் பூ நமக்கும் இருக்கிறது. செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர், சங்கப் புலவர்கள் பெண்களின் விரல்களுக்கு உவமையாகச் சொன்ன பூ, முருகனுக்கு உரியது. பரங்குன்றம் கண்ணுக்கு எதிரே நிற்க, அந்தப் பூ என் வீட்டு மாடியில் இல்லை என்பது எனக்கே பொறுக்கவில்லை.

வளர்க்கும் முறைக்குப் போகும் முன், இதை யாரெல்லாம் வளர்க்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். இந்தச் செடி முழுவதும் நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் அது மிக அதிகம். கால்ச்சிசின் என்ற அந்தப் பொருளை மருத்துவர்கள் கவுட் என்னும் மூட்டு நோய்க்கு மிகச் சிறிய அளவில் மருந்தாகத் தருகிறார்கள். விதைக்காக இது வயலில் பயிராவதும் அதனால்தான். ஆனால் கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று நினைத்து வேகவைத்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. தவழும் குழந்தையும், மண்ணைக் கிளறும் நாயும் இருக்கிற வீட்டில், அவர்களுக்கு எட்டாத இடம் இல்லையென்றால் இதை வைக்காதீர்கள். கிழங்கைத் தொடும்போது கையுறை போடுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அடுப்படிக் கத்தியால் வெட்டாதீர்கள். யாராவது வாயில் வைத்துவிட்டார்கள் என்று தெரிந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அறிகுறிகள் சில மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும்; அந்த இடைவெளியை நம்பி ஏமாந்துவிடக் கூடாது. செடியின் ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு நேராகப் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கை வைத்தியம் எதுவும் இதற்குச் செய்யக் கூடாது. கண்வலிக்கிழங்கு என்றும் இதற்குப் பெயர் உண்டு. பூவை உற்றுப் பார்த்தால் கண்வலி வரும் என்று என் அப்பத்தா எங்களை வேலியருகே விடமாட்டார். நான் இத்தனை ஆண்டுகளாக உற்றுத்தான் பார்க்கிறேன், கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் குழந்தைகளை விலக்கி வைக்க அப்பத்தாவின் அந்தச் சொல் எவ்வளவு நல்ல வேலி என்று இப்போது புரிகிறது.

கிழங்கை வாங்கும்போதே பாதி வேலை முடிந்துவிடும், அல்லது கெட்டுவிடும். காந்தள் கிழங்கு கலப்பைபோல இரண்டாகக் கவைத்து இருக்கும். கலப்பைக்கிழங்கு என்ற பெயர் அதனால் வந்தது. ஒவ்வொரு கவையின் நுனியிலும் முளை இருக்கிறது. உருளைக்கிழங்கில் எங்கே வெட்டினாலும் ஒரு கண் கிடைக்கும். இதில் அப்படி இல்லை. நுனி ஒடிந்தால் அந்தக் கவையில் பெரும்பாலும் முளை வராது. முதல் ஆண்டு ஒரு நாற்றுப்பண்ணையில் ஐந்து கிழங்கு வாங்கினேன். சாக்கில் போட்டுக் குலுக்கிக் கொண்டுவந்திருந்ததால் மூன்றில் நுனியே இல்லை. பார்த்தும் எனக்கு அப்போது விளங்கவில்லை. இரண்டுதான் முளைத்தன. இப்போது ஒவ்வொரு கிழங்கையும் கையில் வாங்கி நுனியைப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை. நுனி கூம்பி, காயமில்லாமல் இருக்க வேண்டும். உடல் கெட்டியாக இருக்க வேண்டும். அழுத்தினால் அமுங்கினால் வேண்டாம். எடை 50 கிராமுக்கு மேல் இருந்தால் அந்த ஆண்டே பூக்கும். சுண்டுவிரல் அளவுக் கிழங்கு முளைக்கும், இலை விடும், பூவுக்கு இன்னும் ஓரிரு ஆண்டு காத்திருக்க வேண்டும்.

ஒட்டன்சத்திரம், மூலனூர், கரூர்ப் பக்கம் விதைக்காக இதைப் பயிரிடும் விவசாயிகள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு வாங்குவதே சிறந்தது. அழகர்மலையிலும் சிறுமலையிலும் இருப்பதைத் தோண்டி எடுத்து வராதீர்கள். மருந்துக்காகப் பிடுங்கிப் பிடுங்கியே காடுகளில் இது அருகிப்போயிருக்கிறது. மலையில் இருப்பது மலைக்கு.

தொட்டி மண் தொட்டியாக இருக்கட்டும். மானாமதுரை மண்பாண்டம் கிடைத்தால் மிக நல்லது. அதன் பக்கங்கள் ஈரத்தை மூச்சுவிடுவதுபோல் வெளியே தள்ளும். வாய் பன்னிரண்டு அங்குலம், ஆழமும் அதே அளவு. கீழே மூன்று துளையாவது வேண்டும். திருமங்கலத்துப் பக்கத்துக் கரிசல் மண் பருத்திக்கு உயிர், காந்தளுக்கு எமன். ஈரம் பட்டால் பிடித்துக்கொண்டு விடவே விடாது. நான் இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு பருமணல், ஒரு பங்கு நன்கு மட்கிய தொழுவுரம், தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு கலக்கிறேன். கலந்த மண்ணை ஈரமாக்கிக் கையில் பிடித்துப் பாருங்கள். உருண்டையாக நின்று, விரலால் தட்டியதும் உதிர வேண்டும். உதிராவிட்டால் இன்னும் மணல் போடுங்கள். அடியில் ஓட்டுச் சில்லை இரண்டு அங்குலம் பரப்பிக்கொள்ளலாம்.

நடுவதற்கு ஆடி. ஆடிப்பட்டம் தேடி விதை என்பது இதற்கும் பொருந்தும். ஆனி கடைசியிலேயே நுனி வெளுத்துப் புடைத்திருந்தால் அப்போதே நட்டுவிடலாம். கிழங்கு சொல்வதுதான் கணக்கு, நாட்காட்டி இல்லை. கிழங்கைப் படுக்கையாக வையுங்கள், செங்குத்தாக வேண்டாம். மேலே இரண்டரை அங்குலம் மண். முளை நுனி தொட்டியின் நடுவைப் பார்க்கட்டும். விளிம்பைப் பார்த்தால் தளிர் சுவரில் முட்டி வளைந்து வரும். நட்டதும் ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். அதன் பிறகு தளிர் தெரியும் வரை மேல்மண் காய்ந்தால் மட்டும் கொஞ்சம் தெளித்தால் போதும். இரண்டு மூன்று வாரத்தில் பென்சில் முனைபோல ஒரு பச்சை எட்டிப் பார்க்கும். எனக்கு ஒருமுறை நாற்பது நாள் ஆனது. தோண்டிப் பார்க்கக் கூடாது. ஒடிகிற தளிர்களில் பாதி இப்படித் தோண்டிப் பார்க்கும்போது ஒடிபவைதான்.

கொம்பைத் தளிர் வந்த பிறகு ஊன்றக் கூடாது, கிழங்கில் குத்திவிடும். நடுகிற அன்றே ஊன்றிவிட வேண்டும். மதுரையில் ஆடிக்காற்று எப்படி அடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாடியில் அது இரண்டு மடங்கு. இந்தக் கொடி தன் தண்டால் சுற்றி ஏறுவதில்லை. இலையின் நுனியே சுருண்டு கம்பியாகிப் பிடித்துக்கொள்கிறது. அந்தச் சுருள் சின்னது; தடித்த மூங்கிலைக் கொடுத்தால் அதனால் வளைத்துப் பிடிக்க முடியாமல் சரிந்துவிடும். மெல்லிய சுள்ளிதான் வேண்டும். வயல்களில் கிளுவையிலும் விராலி மாரிலும் ஏற்றுவார்கள். நான் நான்கு விராலிக் குச்சிகளைக் கூம்பாக நட்டு, நடுவில் சணல் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிவிடுகிறேன். ஐந்தடி உயரம் போதும். ஓர் இலை சணலைத் தொட்டுச் சுருண்டு பிடிக்கும் காலைப் பொழுதைத் தவறவிடாதீர்கள். முந்தின மாலை நீட்டிக்கொண்டிருந்தது, விடிந்தால் இறுகப் பற்றியிருக்கும்.

தலைக்கு வெயில், காலுக்கு நிழல் என்பது இதற்கான இடம். காலை வெயில் முழுதாகப் படட்டும். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் சுவர் நிழல் விழுந்தால் நல்லது. தொட்டியின் மேற்குப் பக்கம் வேறு சில தொட்டிகளை அணைத்து வைத்தால் வேர் வேகாது. இலை பெருகும் காலத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர். கடலைப்பிண்ணாக்கை ஊறவைத்துப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்துப் பதினைந்து நாளுக்கு ஒரு குவளை. மொட்டுக் கட்டும்போது ஒரு சிட்டிகை மரச்சாம்பல். வேறு உரம் ஒன்றும் வேண்டாம்.

ஐப்பசி அடைமழையில்தான் கவனம் தேவை. தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்துத் துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் ஈரம் நின்றால் தண்டின் அடி கறுத்து அழுகும். அப்படி அழுகிய செடி பிழைத்து நான் பார்த்ததில்லை. முன்னெச்சரிக்கையாக நடும்போதே மண்ணில் ஒரு கரண்டி டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலக்கிறேன், உரக்கடைகளில் கிடைக்கும்.

பூச்சிகளில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். கரிய உடலில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி வைத்த புழு. இதற்குக் காந்தளின் நஞ்சு ஒன்றும் செய்வதில்லை. இரண்டு இரவில் ஒரு கொடியை வெறும் தண்டாக்கிவிடும். மருந்தடித்துப் பயனில்லை என்பது என் அனுபவம். விடிந்ததும் இலையின் அடியைப் புரட்டிப் பார்த்து, கையுறையோடு பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுவதே வழி. புரட்டாசி முழுக்க இது என் காலை வேலை. பக்கத்தில் விஷமூங்கில் போன்ற லில்லிச் செடி இருந்தால் அதையும் பாருங்கள், அங்கேயும் குடியிருக்கும்.

நட்டு இரண்டு மாதம் ஒட்டி முதல் மொட்டு வரும். மொட்டு பச்சையாகத் தலைகுனிந்து தொங்கும். விரியும்போது ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடங்கி, ஓரம் நெளிந்து நிற்கும். முதல் நாள் பச்சை கலந்த மஞ்சள். பிறகு நுனியிலிருந்து சிவப்பு இறங்கி, நாள் ஆக ஆக முழுவதும் செந்நிறமாகும். ஒரே கொடியில் மேலே மஞ்சளும் கீழே சிவப்புமாக ஒரே நேரத்தில் பல வயதுப் பூக்கள் எரியும். பறித்துச் சாமிக்கு வைப்பவர்கள் பூவை மட்டும் கிள்ளுங்கள்; இலையோடு தண்டை ஒடித்தால் கிழங்குக்குப் போகும் சாப்பாட்டை ஒடிக்கிறீர்கள்.

விதை வேண்டுமென்றால் கை வைக்க வேண்டியிருக்கும். சூல்தண்டு அடியிலேயே செங்கோணமாக மடங்கி, மகரந்தத்தைவிட்டு விலகி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். விவசாயிகள் காலையில் வரிசை வரிசையாகப் போய் மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் தொட்டு வைப்பார்கள். வீட்டில் ஒரு பூவுக்கு அரை நிமிட வேலை. ஆனால் விதையிலிருந்து பூவைக் காண மூன்று நான்கு ஆண்டாகும். நான் ஒரே ஒரு காயை விட்டு, மீதியைக் கிள்ளிவிடுகிறேன். காய் முற்றி வெடித்தால் உள்ளே ஆரஞ்சுச் சிவப்பில் மணிகள் கோத்ததுபோல் விதைகள் தெரியும். குழந்தைகளைக் கூப்பிடும் நிறம் அது. ஆகவே வெடிக்கும் முன்பே காயை எடுத்துப் பூட்டி வைத்துவிட வேண்டும்.

மார்கழி வந்ததும் இலை மஞ்சளாகத் தொடங்கும். பெரும்பாலோர் காந்தளைக் கொல்வது இந்த இடத்தில்தான். நானும் கொன்றேன். முதல் ஆண்டு இலை மஞ்சளானதைப் பார்த்து, செடிக்குத் தாகம் என்று நினைத்தேன். தை முழுக்கக் காலை மாலை தண்ணீர் விட்டேன். உரமும் போட்டேன். தண்டு காய்ந்த பிறகும், வேர் இருக்குமே என்று விடவில்லை. மாசியில் தோண்டியபோது ஒரு தொட்டியில் கையில் வந்தது பழுப்புக் கூழ். இன்னொரு தொட்டி மாடிப்படி வளைவுக்கடியில் ஒதுங்கியிருந்ததால் என் கண்ணில் படாமல் தப்பித்தது. அதில் மட்டும் கெட்டியாக ஒரு கவைக்கிழங்கு கிடந்தது. இன்று என் மாடியில் இருப்பவை எல்லாம், நான் மறந்துபோன அந்த ஒன்றின் பிள்ளைகள்தான்.

இலை மஞ்சளாவது நோய் இல்லை. நட்ட கிழங்கு தன்னிடம் இருந்ததை எல்லாம் கொடுத்துச் சுருங்கிப்போயிருக்கும்; அதன் இடத்தில் புதுக்கிழங்கு ஒன்று மண்ணுக்குள் பருத்துக்கொண்டிருக்கும். இலையிலும் தண்டிலும் இருக்கும் சத்து கீழே இறங்கிப் புதுக்கிழங்கில் சேர்கிறது. பச்சை மிச்சமிருக்கும் வரை தண்டை வெட்டாதீர்கள். அழகாக இல்லை என்று என் மதினி ஒருமுறை ஒழுங்குபடுத்திவிட்டுப் போனார். அந்தத் தொட்டியில் கிடைத்த கிழங்கு சுண்டுவிரல் அளவுதான். முதல் இலை மஞ்சளானதும் தண்ணீரை வாரத்துக்கு ஒன்றாகக் குறையுங்கள். பாதி இலை மஞ்சளானதும் அடியோடு நிறுத்துங்கள். தண்டு வைக்கோலாகி, லேசாக இழுத்தாலே கையோடு வரும்போது உறக்கம் தொடங்கிவிட்டது.

அதன்பின் ஐந்து மாதம் அந்தத் தொட்டிக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம். பங்குனி வெயிலில் மண் கல்லாக வறளும்; மனம் கேட்காது. கேட்கக் கூடாது. கிழங்கு வெயிலுக்குப் பயப்படாது, ஈரத்துக்குத்தான் பயப்படும். ஒட்டாவாவின் துலிப்பும் நம் காந்தளும் இந்த ஒன்றில் உடன்பிறந்தவை. உறங்கும்போது இரண்டுக்கும் வறட்சி வேண்டும். சித்திரை, வைகாசிக் கோடைமழை மதுரையில் சொல்லாமல் வரும். அதனால் தொட்டிகளை மாசியிலேயே மழை படாத இடத்துக்கு நகர்த்திவிடுங்கள். தொட்டியின் மேல் ‘உறங்குகிறது, தண்ணீர் ஊற்றாதே’ என்று சுண்ணாம்பால் எழுதி வைத்திருக்கிறேன். வீட்டில் நல்ல மனம் படைத்த யாராவது ஒரு செம்போடு வருவார்கள், அவர்களுக்காகத்தான்.

தொட்டியிலேயே விடலாம், தோண்டியும் வைக்கலாம். நான் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாசியில் தோண்டுகிறேன். மண்ணோடு தொட்டியைக் கவிழ்த்து, கையால் உதிர்க்க வேண்டும்; கொத்து, கரண்டி எதுவும் கூடாது. புதுக்கிழங்கு நாம் நட்ட ஆழத்திலிருந்து இன்னும் கீழே இறங்கியிருக்கும், தொட்டியின் அடியில்கூட இருக்கும். கழுவாமல் மண்ணைத் தட்டிவிட்டு, நிழலில் ஒரு வாரம் உலர்த்துகிறேன். இரண்டு கவையும் பருத்திருந்தால் சேரும் இடத்தில் சுத்தமான பிளேடால் பிரித்து, வெட்டுவாயில் சாம்பல் தடவிக் காயவிடுகிறேன். ஒன்று மெலிந்திருந்தால் பிரிப்பதில்லை. அடுத்த ஆண்டு வரை ஒட்டியே வாழட்டும். பிறகு மரப்பெட்டியில் காய்ந்த மணல் பரப்பி, ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, மேலும் மணல் மூடிப் பரண்மேல் வைத்துவிடுகிறேன். பெட்டியில் ‘நஞ்சு, உண்ணும் கிழங்கு அல்ல’ என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது. வீட்டில் ஒருவர் சேனையும் கருணையும் வாங்கி வந்து பரணில் போடும் வழக்கமுள்ளவர் என்றால், இந்த எழுத்து இல்லாமல் கிழங்கை அங்கே வைக்கவே வைக்காதீர்கள்.

வைகாசி பாதியிலிருந்து வாரம் ஒருமுறை மணலை விலக்கிப் பாருங்கள். உறங்கும் நுனி பழுப்பாக இருக்கும். ஒருநாள் அதில் நெல் முனையளவு வெள்ளை தெரியும். தண்ணீர் இல்லை, மண் இல்லை, வெளிச்சமும் இல்லை, ஆனாலும் விழித்துவிடுகிறது. அப்படி விழித்ததை ஒரு விரற்கடைக்குமேல் வளரவிடாமல் நட்டுவிட வேண்டும், நீண்டுவிட்டால் எடுக்கும்போதே ஒடியும்.

இந்த மாசியில் பெட்டிக்குள் பதினேழு வைத்தேன். பன்னிரண்டு என் தொட்டிகளுக்கு. இரண்டு மதினிக்கு, தண்டை வெட்டமாட்டேன் என்று சொன்ன பிறகு. மூன்றை வாடிப்பட்டிக்கு எடுத்துப்போகிறேன். அப்பாவின் வேலியில் பாதி இப்போது கம்பிவேலியாகிவிட்டது. கிணற்றடியில் மட்டும் இன்னும் பத்துப்பதினைந்து கிளுவை நிற்கிறது. ஆடி முதல் வாரத்தில் அதன் காலடியில் புதைக்க வேண்டும்.